விலாசம் யார் பேர்ல இருக்கு? சைடு இன்கம் தளத்தை இடம் மாத்தும்போது ஆகற நிஜச் செலவு



பொங்கலுக்கு ஊருக்கு, கண்டரமாணிக்கத்துக்குப் போயிருந்தேன். ஊர்ல எங்க வீடு பங்காளிகளுக்குப் பொதுவான வீடு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டுன்னு தெருவுக்குத் தெரு நீளமா இருக்கும், ஆனா வருஷத்துல முந்நூறு நாள் பூட்டியே கிடக்கும். வளவுக்கு மேல ஓடு சரிஞ்சு மழைக்கு ஒழுக ஆரம்பிச்சிருச்சு. போன சித்திரைல பங்காளிங்க எல்லாரும் உக்காந்து பேசி, ஒவ்வொரு பங்குக்கும் 2,40,000 ரூபாய், மாசம் 20,000 வீதம் பன்னிரண்டு மாசம்னு முடிவு பண்ணினோம்.

என் சித்தப்பா மகன் பெங்களூர்ல ஐடி வேலைல இருக்கான். வாடகை, கார் இஎம்ஐ, எஸ்ஐபி எல்லாம் போக சம்பளத்துல மிச்சம் கம்மி. ஆனா அவனுக்கு ஒரு சைடு இன்கம் உண்டு. பழைய செட்டிநாட்டு வீடுகளை எப்படிப் பழுது பார்க்கறது, ஆத்தங்குடி கல்லை எப்படிப் பராமரிக்கறது, சுண்ணாம்புப் பூச்சுக்கு ஆள் எங்க கிடைக்கும்னு நாலு வருஷமா ஒரு இலவசத் தளத்துல எழுதிட்டு வர்றான். விளம்பரத்துல மாசம் 9,000, சாமான் லிங்க் கொடுத்து வர்ற கமிஷன் 6,000, மாசம் 100 ரூபாய் கட்டற உறுப்பினர்கள் 70 பேர்கிட்ட இருந்து 7,000. ஆக 22,000. "ஓட்டுப் பணம் அதுல இருந்தே கட்டிருவேண்ணே"ன்னு பங்காளிங்க முன்னாடி தைரியமா சொன்னான்.

சொன்ன கையோட இன்னொரு காரியமும் பண்ணினான். இலவச இடம் போதும்னு, சொந்த டொமைன் வாங்கி, ஹோஸ்டிங் எடுத்து, தளத்தை மொத்தமா வேர்ட்பிரஸ்ஸுக்கு மாத்திட்டான். டெவலப்பருக்கு 25,000, டொமைன் ஹோஸ்டிங் எல்லாம் சேர்த்து 6,000. "31,000 செலவுண்ணே, கிரெடிட் கார்டு இஎம்ஐல போட்டுட்டேன்." அதோட கணக்கு முடிஞ்சதுன்னு நினைச்சான்.

முதல் மாசம் வந்தது 9,100.

ஏன் அப்படி ஆச்சுங்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னால போயிட்டு வருவோம். பொறுமையா படிங்க, தேவை இருக்கு.

நகரத்தார் வீடுகள்ல "விலாசம்"ங்கற சொல்லுக்குத் தெரு, கதவு எண்ணுன்னு அர்த்தம் இல்ல. கொண்டுவிக்கற கடையோட பேர் அது. அப்பா, தாத்தா பேர்களோட முதல் எழுத்தைச் சேர்த்து வைக்கறது. ஏ.எம்.எம்., எம்.சிடி.எம். எல்லாம் அப்படி வந்த விலாசங்கள்தான். ரங்கூன்ல கடை, மோல்மீன்ல கடை, பினாங்குல கடைன்னு எங்க போனாலும் விலாசம் ஒண்ணு. கடையை நடத்தற மேலாள் வழக்கமா மூணு வருஷக் கணக்குக்குப் போவார், முடிஞ்சதும் அடுத்தவர் வருவார். கட்டடம் வாடகையா இருக்கலாம், ஆள் மாறலாம். விலாசம் முதலாளியோடது. பேரேடும் ஐந்தொகையும் அந்த விலாசத்துக்குத்தான் வந்து சேரும். (ஐந்தொகைன்னா நம்ம பேலன்ஸ் ஷீட். நான் சிஏ படிக்கறதுக்கு முன்னாடியே எங்க அப்பத்தா எனக்குச் சொல்லிக் கொடுத்த வார்த்தை.)

பர்மால 1930 வாக்குல வங்கி விசாரணைக் கமிட்டி கணக்கெடுத்தப்போ சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தது. நெல் விவசாயிகளுக்கு நிலத்தை ஈடா வச்சுக் கடன். அப்புறம் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை விழுந்தது. கடன் திரும்பல, ஈடா வந்த நிலம் கையில தங்கிருச்சு. பர்மாவோட முக்கியமான 13 நெல் மாவட்டங்கள்ல 1930ல செட்டியார்கள்கிட்ட இருந்த நிலம் 6 சதவீதம். 1937, 38 வாக்குல 25 சதவீதம். புள்ளிவிவரத்துல பார்த்தா சொத்து பெருகின மாதிரி தெரியும். ஆனா வட்டித் தொழில் பண்றவனுக்கு நிலம்ங்கறது மாட்டிக்கிட்ட பணம், கூடவே அந்த நிலத்தை இழந்த பர்மிய விவசாயியோட கோபமும் சேர்ந்து வந்தது. 1942ல ஜப்பான் படை வந்தது. 1948ல நில தேசியமயச் சட்டம். 1963, 64ல வங்கி, கடை எல்லாம் அரசு எடுத்துக்கிச்சு. கப்பல்ல ஏத்தி எடுத்துட்டு வர முடிஞ்சதெல்லாம் வந்தது. நிலம் வருமா?

இதே காலத்துல இன்னொரு கதையும் இருக்கு. பள்ளத்தூர்க்காரங்க, மோல்மீன்ல 1900ல தொழில் தொடங்கினவங்க, முருகப்பா குடும்பம். 1930கள்லயே, ஜப்பான் வர்றதுக்கு முன்னாடி, முதலை இந்தியாவுக்குத் திருப்பிட்டாங்க. இங்க வந்து வேற தொழில், முதல்ல இருந்து. இரும்புப் பெட்டி, அப்புறம் 1949ல டிஐ சைக்கிள். கானாடுகாத்தான் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10ம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் பேங்க்கை காரைக்குடி, சென்னை, ரங்கூன்னு மூணு ஊர்லயும் ஒரே நாள்ல திறந்தார். 1963ல பர்மாக் கிளைகள் போச்சு. பேங்க் போகல.

இப்போ தம்பி கதைக்கு வருவோம். தளத்தை மாத்தும்போது எது கப்பல்ல ஏறும், எது நிலம் மாதிரி அங்கேயே நிக்கும்னு பிரிச்சுப் பார்க்காம மாத்தினதுதான் அவன் பண்ணின தப்பு.

எழுத்து ஏறும். ஏறக்குறைய எல்லா இடத்துலயும் எக்ஸ்போர்ட்னு ஒரு பட்டன் இருக்கு, ஒரு ஃபைலா இறங்கும். படங்கள்தான் ஏமாத்தும். கட்டுரைக்குள்ள படம் தெரியும், ஆனா அது பழைய இடத்தோட சர்வர்ல இருந்தே வந்துட்டிருக்கும். பழைய கணக்கை மூடின அன்னைக்குப் படம் எல்லாம் காலிக் கட்டமா ஆயிடும். தம்பி புதுத் தளம் திறந்த அன்னைக்கு ராத்திரியே பழையதை அழிச்சுட்டான். கிட்டத்தட்ட 300 படம் போச்சு. கொஞ்சம் போன்ல இருந்தது, மீதிக்கு திரும்ப ஊருக்கு வந்து எடுத்தான்.

அடுத்தது கூகுள்ல பிடிச்ச இடம். "ஆத்தங்குடி கல் பாலிஷ்"னு தேடினா அவன் பக்கம் மேல வரும். அந்த இடம் பழைய முகவரிக்குக் கிடைச்சது. புது முகவரிக்கு அதைக் கடத்தணும்னா பழைய பக்கம் ஒவ்வொண்ணும் புதுப் பக்கத்துக்கு நிரந்தரமா திருப்பி விடணும், 301 ரீடைரக்ட்னு சொல்வாங்க. கூகுள் இதைக் குறைஞ்சது ஒரு வருஷம் வச்சிருக்கச் சொல்லுது. இலவச இடத்துல, அவங்களோட பேருக்குக் கீழ ஒரு துணைப்பேரா இருந்தீங்கன்னா, பெரும்பாலும் அந்தத் திருப்பிவிடற சாவி உங்க கையில இருக்காது.

பிளாக்கர்ல இருக்கறவங்களுக்கு ஒரு வழி உண்டு. இடத்தை உடனே மாத்தாதீங்க. முதல்ல சொந்த டொமைன் வாங்கி, பிளாக்கர்லயே இணைங்க. பழைய பிளாக்ஸ்பாட் முகவரிக்கு வர்றவங்களை அதுவே புது டொமைனுக்குத் திருப்பி விடும். சில மாசம் அப்படியே விடுங்க. கூகுள் புதுப் பேரைப் பழகினதுக்கு அப்புறம், அதே டொமைனை வச்சுக்கிட்டு ஹோஸ்டிங்கை மட்டும் மாத்துங்க, பக்க முகவரிகளோட அமைப்பையும் பழைய மாதிரியே வைங்க. வாசகனுக்குக் கடை மாறினதே தெரியாது. அவசரப்படாம பண்ணினா இந்த வழியில ஆகற கூடுதல் செலவு டொமைன் காசு மட்டும்தான்.

ஃபாலோயர்? ஏறாது. அது அந்த இடத்தோட சொத்து. 2020 ஜூன் 29ம் தேதி டிக்டாக் தடை வந்தப்போ லட்சக்கணக்குல ஃபாலோயர் வச்சிருந்த நம்ம ஊர்க்காரங்க பலபேர் மறுநாள் காலைல பூஜ்யத்துல நின்னாங்க. ஆர்குட் 2014ல மூடினாங்க, கூகுள் பிளஸ் 2019ல. இமெயில் பட்டியல் மட்டும்தான் ஏறும், வாசகர்கிட்ட கேட்டு வாங்கி, நீங்க தனியா இறக்கி வச்சிருந்தா.

கடைசியா, பணம் கட்டற உறுப்பினர்கள். இதை யாருமே யோசிக்கறதில்ல. கார்டுல மாசாமாசம் தானா பணம் எடுக்கற அனுமதி அந்தந்த நிறுவனத்துக்குன்னு வாடிக்கையாளர் கொடுத்தது. ரிசர்வ் பேங்க் விதிப்படி கார்டு எண்ணை வியாபாரி சேமிச்சு வைக்கக் கூடாது, புது அனுமதிக்கு ஒருதடவை ஓடிபி போட்டே ஆகணும். அதனால 70 பேரும் புதுத் தளத்துக்கு வந்து திரும்பப் பதிவு பண்ணணும். மாசம் 100 ரூபாய் தானா போறவரை யாரும் கவனிக்க மாட்டாங்க. "திரும்பப் பதிவு பண்ணுங்க"ன்னு மெயில் போனதும் எல்லாரும் ஒரு நிமிஷம் யோசிப்பாங்க. 31 பேர் வந்தாங்க.

ஆக, விளம்பரம் 3,500, கமிஷன் 2,500, உறுப்பினர் 3,100. அதுதான் 9,100.

அடுத்த மாசங்கள் 11,000, 13,500, 17,000, 18,500. ஆறாவது மாசம்தான் 21,000 வந்து ஓட்டுப் பணத்தைத் தாண்டிச்சு. அஞ்சு மாசத்துல வரவேண்டியது 1,10,000, வந்தது 69,100. விட்டது 40,900. இதையும் சேர்த்தா அவனோட இடமாற்றச் செலவு 31,000 இல்ல, 71,900. எட்டாவது மாசம் 27,000 வந்தது, அதாவது பழையதைவிட மாசம் 5,000 கூட. இந்தக் கூடுதல் அப்படியே நிலைச்சாலும் போட்டது திரும்ப வர 14 மாசத்துக்கு மேல ஆகும். ஹோஸ்டிங் முதல் வருஷம் தள்ளுபடி விலைல கிடைச்சது, புதுப்பிக்கும்போது விலை வேற. அதை நான் இந்தக் கணக்குல சேர்க்கவே இல்ல.

மாத்தினது தப்புன்னு நான் சொல்லல. மாத்தணும், அவனுக்கும் சொன்னேன். ஆனா மாத்தற வருஷத்துல அந்த வருமானத்தை நம்பி ஒரு மாசக் கடமையை ஏத்துக்கறது தப்பு. அவனுக்கு ஓட்டுப் பணத்துல அஞ்சு மாசத்துல 30,900 துண்டு விழுந்தது. எமர்ஜென்சி ஃபண்ட்ல இருந்து எடுத்தான். அது இருந்ததால பங்காளிங்க முன்னாடி தலை குனியாம தப்பிச்சான். என் கணக்கு: மாத்தறதுக்கு முன்னாடி அந்தத் தளத்தோட ரெண்டு மாச வருமானத்தைத் தனியா ஒரு சேவிங்ஸ் கணக்குல வைங்க. வீட்டு எமர்ஜென்சி ஃபண்ட்ல கை வைக்காதீங்க, அது வேலை போனா சாப்பிடறதுக்கு.

இப்போ தலைப்புக்கு வர்றேன். பொங்கல் அன்னைக்கு மத்தியானம் வளவுல உக்காந்து அவன் லேப்டாப்பைத் திறந்து பார்த்துக்கிட்டிருந்தோம். "டொமைன் எங்க வாங்கின, லாகின் காட்டு"ன்னேன். முழிச்சான். "டெவலப்பர்தாண்ணே வாங்கினாரு, அவர் கணக்குல இருக்கு."

காசு தம்பியோடது. பதிவு டெவலப்பர் பேர்ல, டெவலப்பர் இமெயில்ல. அவர் கெட்டவர் இல்ல, கேட்டதும் கொடுத்துட்டார். ஆனா அவர் போன் நம்பர் மாத்திட்டாலோ, புதுப்பிக்க மறந்துட்டாலோ என்ன ஆகும்? டாட்காம் மாதிரி டொமைன் காலாவதி ஆச்சுன்னா, பதிவு நிறுவனம் கொடுக்கற சலுகைக் காலம், அதுக்கப்புறம் 30 நாள் மீட்புக் காலம், அதுவும் தாண்டினா யார் வேணா வாங்கலாம். விலாசத்தை மேலாள் பேர்ல எழுதிக் கொடுத்துட்டு முதலாளி ஊர்ல உக்காந்திருந்த கதை. எங்க பெரியவங்க யாரும் அப்படிப் பண்ணியிருக்க மாட்டாங்க. டொமைன் எப்பவும் உங்க பேர், உங்க இமெயில், உங்க கார்டு. இன்வாய்ஸும் உங்க பேர்ல. வேற கம்பெனிக்கு மாத்தணும்னா ஆத் கோடுன்னு ஒண்ணு கொடுப்பாங்க, புதுசா வாங்கின 60 நாளுக்குள்ள பெரும்பாலும் மாத்த முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

வரிக் கதை இன்னும் பாக்கி இருக்கு. சம்பளக்காரங்க தடுக்கி விழற இடம் இது.

தம்பி ஒரு யோசனை வச்சிருந்தான். "இந்த வருஷம் தளத்துல செலவு ஜாஸ்தி, நஷ்டம் காட்டி சம்பளத்துல பிடிச்ச டிடிஎஸ்ஸைத் திரும்ப வாங்கிரலாமாண்ணே?" முடியாது. தொழில் நஷ்டத்தைச் சம்பளத்துல கழிக்க சட்டம் விடாது. ரிட்டர்னை உரிய தேதிக்குள்ள போட்டா எட்டு வருஷம் வரைக்கும் முன்னால எடுத்துட்டுப் போகலாம், அதுவும் தொழில் லாபத்துல மட்டும்தான் கழியும். அவனுக்கு எப்படியும் லாபம்தான் வந்திருக்கு. டெவலப்பர் கூலி, ஏற்கெனவே இருக்கற தளத்தை இடம் மாத்தினதுக்கானதுங்கறதால அந்த வருஷச் செலவாவே எழுதச் சொன்னேன்.

ரெண்டாவது, 44ஏடி. டிஜிட்டல் வரவுல 6 சதவீதத்தை லாபம்னு காட்டி ஐடிஆர்-4ல முடிச்சுக்கலாம்னு நிறைய வீடியோல சொல்றாங்க. ஆனா கமிஷன், புரோக்கரேஜ் வருமானம் இருக்கற நபருக்கு அந்தப் பிரிவு பொருந்தாதுன்னு சட்டத்துலயே இருக்கு. சாமான் லிங்க் கொடுத்து வர்றது கமிஷன்தானே? அது இருந்தா நான் ஐடிஆர்-3 தான் போடச் சொல்வேன். நிஜ வரவு, நிஜ செலவு, பில்லோட. (இதெல்லாம் 1961ம் வருஷச் சட்டத்தோட எண்கள். 2025ம் வருஷப் புதுச் சட்டத்துல எண்கள் மாறுது, அதையும் பார்த்துக்கோங்க.)

மூணாவதுதான் பெருசு. சம்பளம் மட்டும் இருந்தா வருஷா வருஷம் பழைய ரெஜிம், புது ரெஜிம்னு மாறி மாறித் தேர்வு பண்ணலாம். தொழில் வருமானம்னு ஒண்ணு வந்துட்டா அந்தச் சுதந்திரம் போச்சு. பழைய ரெஜிம் வேணும்னா ஃபார்ம் 10-ஐஇஏ போடணும். அப்புறம் புதுசுக்குத் திரும்பினா, தொழில் வருமானம் இருக்கறவரை மறுபடி பழையதுக்கு வர முடியாது. மாசம் 5,000 சைடு இன்கம்னாலும் இதே விதிதான். வீட்டுக் கடன் வாங்கப் போறீங்க, பழைய ரெஜிம் தேவைப்படலாம்னா, இந்த ஃபார்மைப் போடறதுக்கு முன்னாடி அஞ்சு வருஷக் கணக்கா யோசிங்க.

சேவை வருமானத்துக்கு ஜிஎஸ்டி பதிவு வருஷ டர்ன்ஓவர் 20 லட்சம் தாண்டினாத்தான், பெரும்பாலானவங்க அதுக்குக் கீழதான் இருப்பீங்க. விளம்பரப் பணம் வெளிநாட்டுல இருந்து வந்தா பேங்க்ல அதுக்கான சான்றை மட்டும் வாங்கி வைங்க. மார்ச்ல வட்டி கட்டாம இருக்கணும்னா, கம்பெனி ஃபைனான்ஸ் டீம்கிட்ட இந்த வருமானத்தையும் சொல்லி சம்பளத்துலயே கூடுதலா டிடிஎஸ் பிடிக்கச் சொல்லலாம். சொல்றதுக்கு முன்னாடி உங்க அப்பாயின்ட்மென்ட் லெட்டரைப் படிங்க. 2022 செப்டம்பர்ல விப்ரோ, போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செஞ்சாங்கன்னு 300 பேரை அனுப்பினது ஞாபகம் இருக்கும். வீடு பழுது பார்க்கறதைப் பத்தி எழுதறது வேற விஷயம்தான். ஆனாலும் இலவச இடத்துல புனைபேர்ல இருந்தப்போ யாருக்கும் தெரியாது. சொந்தத் தளத்துல பணம் வாங்க பேமென்ட் கேட்வேக்கு பான், பேங்க் கணக்கு, நிஜப் பேர் எல்லாம் போகும். தம்பி எச்ஆருக்கு ஒரு மெயில் போட்டு எழுத்துல அனுமதி வாங்கிட்டான். பதில் ரெண்டு வரிதான் வந்தது, அதை பிடிஎஃப்பா எடுத்து வரிக் கோப்புலயே வச்சிருக்கேன்.

ஊர்ல இருந்து கிளம்பறதுக்கு முன்னாடி டொமைனை அவன் பேருக்கு மாத்தற வேலையைத் தொடங்கி வச்சுட்டோம். புதுப்பிக்கற தேதியை அவன் காலண்டர்ல ஒண்ணு, என் காலண்டர்ல ஒண்ணு போட்டிருக்கோம், ஒரு மாசம் முன்னாடியே மணி அடிக்கற மாதிரி. இலவசத் தளத்துல அழிச்ச படங்கள்ல இன்னும் நாப்பது திரும்பக் கிடைக்கல. வளவு ஓட்டுல பாதி மாத்தியாச்சு. அவன் பங்குக்கு இன்னும் நாலு தவணை பாக்கி.

அடுத்த வீடியோல ஃபார்ம் 10-ஐஇஏவை ஸ்கிரீன்ல போட்டுக் காட்டறேன். உங்க ஃபார்ம் 16ஐக் கையில வச்சுக்கிட்டுப் பாருங்க.